சபை வழங்கிய தாய்மொழி

வெள்ளைக்காரன் கப்பலேறி நாலைந்து வருஷம் ஆனபிறகு, அவன் பாஷைக்குக் காவல் இல்லாமல் போய்விட்டதே என்று கொழும்பில் யாரோ பெரிய மனிதர்களுக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் தூங்காமல் புரண்டதன் பலன், எங்கள் மாத்தளைக்கு ஆங்கில வாக்கிய விருத்திச் சபை என்று ஒன்று வந்து சேர்ந்தது. ஸ்டேசன் ரோட்டில் ஒரு மரக்காலையின் மேல்மாடியை அதற்கு வாடகைக்குப் பிடித்தார்கள். கீழே நாள் முழுக்க மரம் அறுப்பார்கள். மேலே என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

இங்கிலீஷ் முழுவதையும் சொல்லிக்கொடுக்க மாத்தளைக் கிளைக்கு அதிகாரம் கிடையாது. நிபந்தனை வாக்கியம் மட்டும்தான். இது நடந்தால் அது நடக்கும், இது நடந்திருந்தால் அது நடந்திருக்கும் என்கிற வகை. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் கண்டிக் கிளைக்குப் போகவேண்டும், வினைச்சொல்லுக்குக் குருநாகல். இரண்டும் தெரியாதவன் நிபந்தனை வாக்கியத்தை எப்படி எழுதுவான் என்று கேட்கிறீர்களா? நல்லவேளை, நீங்கள் அதைச் சபையில் போய்க் கேட்கவில்லை.

கிளையின் செயலாளர் உருத்திரமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் டையும் போட்டு, மாத்தளை வெயிலில் வேர்த்துக்கொண்டே இருப்பார். தங்கமான மனுஷன். லஞ்சம் வாங்கமாட்டார், பிந்தி வரமாட்டார், யார் சொல்வதையும் காதில் வாங்கமாட்டார். திறப்பு விழாவன்று அவர் பேசிய பேச்சு இன்னும் என் நினைவில் இருக்கிறது.

"வெள்ளைக்காரன் இந்த நாட்டைத் துவக்காலை சுட்டு ஆண்டவன் எண்டு நினையாதேயுங்கோ. நிபந்தனை வாக்கியத்தாலை ஆண்டவன். 'செய்யமாட்டேன்' எண்டு சொன்னால் சனம் கல்லெறியும். 'இன்னது நடந்தால் செய்வன்' எண்டு சொன்னால் சனம் வரிசையிலை நிக்கும். அந்த வரிசை கலையாமல் பாக்கிறதுதான் எங்கடை சபையின்ரை நோக்கம்."

அந்த வரிசையில்தான் இத்ரூஸ் போய் நின்றான். கொக்கோவும் மிளகும் நிறுக்கிற கந்தோர் ஒன்றில் அவன் தற்காலிகக் கிளாக்கர். தற்காலிகமாகச் சேர்ந்து மீசை முளைத்து, அந்த மீசையை எடுத்து, மறுபடி வைத்தும் ஆகிவிட்டது. வேலை மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் சபையின் சான்றிதழ் வேண்டும் என்று கந்தோரில் புதிதாக ஒரு சட்டம் வந்தது.

வேலை நிரந்தரமாகாவிட்டால் என்ன, குடிமுழுகியா போய்விடும் என்று நீங்கள் நினைக்கலாம். இத்ரூஸுக்கு முழுகித்தான் போகும். பலாபத்வலையில் மிளகுக்கடை வைத்திருந்த ஸக்கரியா அவனுக்குச் சொந்தத் தாய்மாமன். மாமாவின் மகள் மஸூதா அவனுக்குத்தான் என்று பேச்சு இருந்தது. பேச்சுத்தான் இருந்தது, காவின் என்கிற கல்யாணப் பதிவு எழுதவில்லை. "வேலை நிரந்தரமானா மறுநாளே காவின் எழுதுவோம், மருமகன்" என்று ஸக்கரியா சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பெருநாளாகக் கழிந்துகொண்டிருந்தது. மஸூதாவை நினைத்தால் இத்ரூஸுக்குச் சோறு இறங்காது. அவளுக்கும் அப்படித்தான், ஆனால் அவள் கெட்டிக்காரி, சாப்பிட்டுவிட்டுத்தான் கவலைப்படுவாள்.

ஆக, இத்ரூஸ் சபையின் படியேறினான். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நிபுணர், யாருக்கும் பிறபாஷையை அவரவர் தாய்மொழி வழியாகத்தான் புகட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல யோசனைதான். அந்த நல்ல யோசனையை எங்கள் சபை கையில் எடுத்ததுதான் வினை. சிங்களவருக்கு ஒரு வகுப்பு, தமிழருக்கு ஒரு வகுப்பு, முஸ்லிம்களுக்கு உருது மொழியில் ஒரு வகுப்பு என்று கொழும்பில் பிரித்து அனுப்பியிருந்தார்கள்.

"தாய்மொழி?" என்று உருத்திரமூர்த்தி கேட்டார்.

"தமிழ்ங்க ஐயா."

"பேர் இத்ரூஸ். சமயம் இஸ்லாம். பிறகெப்பிடித் தமிழ்?"

"எங்க வீட்டுல தமிழ்தாங்க பேசுறோம். வாப்பா பேசினது, வாப்பாட வாப்பா பேசினது எல்லாம் தமிழ்தான். உருதுன்னா எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாதுங்க."

"தமிழ் வகுப்புத் தமிழருக்கு. சிங்கள வகுப்புச் சிங்களவருக்கு. இனி மிச்சம் இருக்கிறது நீரும் உருதுவும்தான். ரெண்டையும் சேர்த்து வைக்கிறது என்ரை கடமை."

இந்த வாக்குவாதம் அரைமணி நேரம் நடந்தது. முழுக்க முழுக்கத் தமிழில் நடந்தது. தமிழ் தன் தாய்மொழி என்று இத்ரூஸ் தமிழில் சொன்னான். இல்லை என்று உருத்திரமூர்த்தி தமிழில் மறுத்தார். கடைசியில் அவருக்கே இரக்கம் வந்து, தான் சொல்வது அவனுக்கு விளங்குகிறதா, இல்லாவிட்டால் உருது தெரிந்த யாரையாவது கூப்பிட்டு விளங்கப்படுத்தச் சொல்லட்டுமா என்று அன்பாகக் கேட்டார். இத்ரூஸ் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உருது வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

வகுப்பில் அவனைப்போலவே மாட்டிக்கொண்ட நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் தையல்காரர், ஒருவர் இறைச்சிக்கடைக்காரர். பாடப்புத்தகம் லாகூரிலிருந்து வந்திருந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ் வாக்கியம், எதிர்ப்பக்கம் உருதுவில் விளக்கம். வாத்தியார் ஆறுமுகநாதன் பென்சன் எடுத்த மனுஷன். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு, உருதுவில் ஒரு எழுத்தும் தெரியாது. மாணவர்களுக்கோ சின்ன வயதில் பள்ளியில் குர்ஆன் ஓதிய பழக்கத்தில் அந்த எழுத்துகளை ஓரளவு கூட்டி வாசிக்க முடிந்தது. அர்த்தம் மட்டும் தெரியாது. ஆகவே அவர்கள் தங்களுக்கு விளங்காததைச் சத்தமாக வாசிப்பார்கள், வாத்தியார் தனக்கு விளங்காததைத் திருத்துவார். ஒருநாள் படியேறி வந்த ஒருவர் சத்தத்தைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இறந்தது யார், யாருடைய கத்தம் ஓதுகிறார்கள் என்று மெதுவாக விசாரித்தார்.

உருது வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று சபை கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அதனால் ஆறுமுகநாதன் கையாலும் காலாலும் பாடம் நடத்தினார். ஆற்றில் வெள்ளம் வந்திருந்தால் நான் என் ஒட்டகத்தைச் சித்தப்பா வீட்டுக்கு ஓட்டிப் போயிருப்பேன் என்று ஒரு வாக்கியம். பாவம், அந்த வயதில் அவர் வெள்ளமாகவும் ஒட்டகமாகவும் சித்தப்பாவாகவும் நடித்துக் காட்டிவிட்டு, நாற்காலியில் விழுந்து தண்ணீர் கேட்டார்.

பரீட்சை நெருங்கியபோதுதான் அடுத்த குண்டு விழுந்தது. இங்கிலீஷில் எழுதினால் மட்டும் போதாதாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதைத் தாய்மொழியில், அதாவது உருதுவில், சொந்தமாக எழுதவேண்டுமாம். இல்லாவிட்டால் அது கிளிப்பிள்ளைப் பேச்சு, புள்ளி கிடையாதாம்.

இத்ரூஸ் தொங்கிய முகத்தோடு பலாபத்வலைக்குப் போனான். மாமா கடையில் இருந்தார். மஸூதா உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அவள் அழுகிறாளோ என்று இத்ரூஸ் பதறும்படி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கிய சத்தம் அது.

"மச்சான், நம்ம அரபுத் தமிழ் இருக்கே" என்றாள். "தமிழை அரபு எழுத்துல எழுதுங்க. வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போனாப் போதும், அவங்களுக்கு அது உருதுதான்."

எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் இது காலங்காலமாக உள்ள வழக்கம். பேச்சு தமிழ், எழுத்து அரபு. மார்க்கப் பாட்டுகள், மருந்துக் குறிப்புகள், உம்மா மகளுக்கு எழுதும் கடுதாசி எல்லாம் அப்படித்தான் இருக்கும். மஸூதாவுக்கு அவள் உம்மா நோனா சொல்லிக்கொடுத்திருந்தாள். இத்ரூஸுக்குப் பாதி மறந்திருந்தது. அந்தப் பாதியை மஸூதா திரைக்கு இந்தப்பக்கம் சிலேட்டை நீட்டி நீட்டி மீட்டுக்கொடுத்தாள். நோனா நடுவில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

பரீட்சையன்று, சொந்த வாழ்க்கையைப் பற்றி நிபந்தனை வாக்கியங்கள் எழுதுக என்று கேள்வி வந்தது. இங்கிலீஷ் பக்கத்தில் இத்ரூஸ் மனப்பாடம் செய்திருந்த ஒட்டகத்தை ஒரு எழுத்து பிசகாமல் இறக்கினான். எதிர்ப்பக்கத்தில் பேனாவை வைத்ததும், இதை எந்தப் பயலும் வாசிக்கப்போவதில்லை என்ற தைரியம் வந்தது. மனதில் கிடந்ததையெல்லாம் அரபு எழுத்தில் தமிழில் கொட்டிவிட்டு எழுந்துவந்தான்.

உருதுப் பக்கத்தைத் திருத்தியது உருத்திரமூர்த்தி. அந்தப் பைல் அவர் மேசையில் இருந்ததால் அந்தப் பாஷையும் அவர் பொறுப்பு என்பது சபையின் நடைமுறை. எழுத்து அழகையும் வரி நேராகப் போயிருப்பதையும் பார்த்துப் புள்ளி போட்டார். உருதுவில் இத்ரூஸ் முதலாம் இடம்.

முதலாம் இடம் வந்ததுதான் கேடாகப் போயிற்று. சான்றிதழில் உருது அறிந்த ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று கொழும்பு எழுதியது. மாவட்டத்திலேயே உருதுவில் சிறந்தவர் யார் என்று சபை தேடிப்பார்த்தது. இத்ரூஸ். தன் சான்றிதழில் தானே கையெழுத்திட முடியுமா? முடியாது. வேறு யாராவது? அவனைவிட உருது தெரிந்தவர் எவரும் இல்லை என்று சபையே பதிந்து வைத்திருந்தது. அவன் கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது என்று உருத்திரமூர்த்தி மனம் நொந்து சொன்னார்.

மாதக்கணக்கில் சான்றிதழ் இரும்பு அலுமாரியில் கிடந்தது. ஸக்கரியாவின் பொறுமை போய்விட்டது. கண்டியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையைத் தரகர் கொண்டுவந்தார். நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் என்னைக் குறைசொல்லக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். இத்ரூஸுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ச் சபையில் நின்று, அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை பலாபத்வலையில் இருக்கிறது என்றான்.

பெண்ணைப் பரீட்சகராக வைக்கலாமா என்று சபை நாலு கூட்டம் போட்டது. திரை கட்டி, தகப்பனைத் துணைக்கு வைத்து, விடைத்தாளை அவள் வாய்விட்டு வாசித்து, உருதுதான் என்று உறுதி சொன்னால் போதும் என்று முடிவானது.

அந்த நாளில் மேல்மாடியில் உருத்திரமூர்த்தி, ஆறுமுகநாதன், ஸக்கரியா மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்ரூஸ் சுவரோடு ஒட்டி நின்றான். அவள் என்ன வாசிக்கப்போகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. இனி என்ன செய்ய? விடைத்தாள் திரைக்கு உள்ளே போய்விட்டது.

மஸூதா வாசித்தாள்.

"இந்தச் சபை இல்லாம இருந்திருந்தா, போன வருஷமே எனக்கும் மஸூதாவுக்கும் காவின் எழுதியிருப்பாங்க."

கீழே வாள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"உருத்திரமூர்த்தி ஐயா ஒரு தடவை என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தா, என் பாஷை என்னான்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்." அடுத்த வரியை மெதுவாக வாசித்தாள். "மஸூதாவை வேற எடத்துல குடுத்தா, நான் இந்த ஊர்ல இருக்கமாட்டேன். எங்க போவேன்னும் எனக்குத் தெரியாது."

ஸக்கரியா தொப்பியைக் கழற்றி, பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். ஆறுமுகநாதன் கண்ணாடியைத் துடைத்தார். இத்ரூஸ் கண்ணை மூடிக்கொண்டு, வேலையும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று நின்றான்.

உருத்திரமூர்த்தி மெல்ல எழுந்தார். முகம் முழுக்க ஆச்சரியம்.

"எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிச்சுது" என்றார். "மாஸ்டர், உமக்கு?"

தனக்கும் விளங்கியது என்று ஆறுமுகநாதன் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீரோ. ஒரு வருஷம் இந்தப் பைலை மேசையிலை வைச்சிருந்ததுக்கே எனக்கு உருது வந்திட்டுது. நிர்வாகம் எண்டால் அதுதான். ஒழுங்கான ஒரு சபை இருந்தால் ஆரும் ஒண்டும் படிக்கத் தேவையில்லை."

இங்கிலீஷில் ஒட்டகமும் உருதுவில் கல்யாணமும் இருந்தது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் அது அந்த மக்களுடைய வழக்காக இருக்கும் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். சபையைப் பற்றிய வரியில் நிபந்தனை சுத்தமாக விழுந்திருக்கிறது என்று பாராட்டினார். மஸூதா கையெழுத்திட்டாள். மணமகனுக்கு மணமகள் சான்று கொடுத்த சங்கதி மாத்தளையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த மாதத்திலிருந்து உருத்திரமூர்த்திக்கு உருது அலவன்ஸும் கிடைத்தது.

பலாபத்வலைக்குப் போகிற பஸ்ஸில் மஸூதா தகப்பனிடம் சொன்னாளாம்: "வாப்பா, 'நிரந்தரமானா, நிரந்தரமானா'ன்னு நீங்களும் அந்தச் சபை மாதிரித்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க." மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கந்தோர்க் கடிதத்துக்குக் காத்திராமல் அந்தக் கிழமையே காவினுக்கு நாள் வைத்தார்.

அங்கேயும் சபை வந்தது. சான்றிதழ் பெற்றவர் முதல் வருஷத்தில் செய்யும் எந்த ஒப்பந்தமும் சபையின் மொழிபெயர்ப்பாளர் முன்னால் நடக்கவேண்டும், தவறினால் சான்றிதழ் செல்லாது என்று ஒரு விதி இருந்ததாம். அந்த மொழிபெயர்ப்பாளராக உருத்திரமூர்த்தி கோட்டும் டையுமாகப் பஸ்ஸில் வந்து, மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் மகள் மஸூதாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று ஸக்கரியா சொன்னதும், கையைக் காட்டி நிறுத்திவிட்டு இத்ரூஸ் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தன்ரை மகளை உமக்குக் கட்டித் தந்திட்டாராம்."

"ஏத்துக்கிட்டேன்" என்றான் இத்ரூஸ்.

"ஏற்றுக்கொண்டிட்டாராம்" என்று அவர் ஸக்கரியாவுக்கு மொழிபெயர்த்தார்.

உள்ளே பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. இந்த நிக்காஹ் மார்க்கப்படி கூடுமா என்று அதை நடத்திவைத்த லெப்பைக்கு ஒரு சந்தேகம் வந்தது. மொழிபெயர்ப்புக்கு முன்னாலேயே இருவர் காதிலும் விழுந்துவிட்டதால் கூடும் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். இத்தனை வருஷமாக அடக்கிவைத்த சந்தோஷம் எல்லாம் இத்ரூஸின் முகத்தில் வந்து நின்றது. பார்த்த எங்களுக்கே கண் கலங்கியது.

அடுத்த கிழமை அவன் சான்றிதழை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனான். பெரிய கிளாக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொக்கோ கொண்டுவருகிறவர்கள் பேசுவது சிங்களமும் தமிழும். இவனுடைய தாய்மொழி உருது என்று சபையே எழுதிக்கொடுத்திருக்கிறது. அவனுடைய சிங்களம் சந்தைச் சிங்களமாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் தமிழ் தெரியாத ஒருவனை எப்படி நிரந்தரமாக்குவது? இத்தனை வருஷமாக உங்களோடு தமிழில்தானே பேசுகிறேன் என்று இத்ரூஸ் கேட்டான்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் பெரிய கிளாக்கர். "காகிதத்துக்குத் தெரியாதே."

தமிழில் ஒரு பாஸ் எடுத்து வரும்வரை தற்காலிகமாகவே இருக்கச் சொன்னார்கள். சபை உடனே உருதுக்காரருக்கான தமிழ் வகுப்பு என்று புதிதாக ஒன்றைத் திறந்தது. சேர்ந்தது ஒரே மாணவன். கற்பிக்க உருதுவும் தமிழும் தெரிந்தவர் வேண்டும். செயலாளரை விட்டால், அப்படிச் சபையின் ஏட்டில் இருந்தது மஸூதா மட்டும்தான். பெண்பிள்ளை தினமும் மேல்மாடிக்கு வரமுடியாது, மாணவன் அவள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறவன் என்பதால், வகுப்பை வீட்டிலேயே நடத்தலாம் என்று அனுமதி வந்தது. மஸூதாவுக்கு நியமனக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம், பென்சன் உண்டு. நிரந்தர வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று ஸக்கரியா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றினார். அது மருமகனுக்கு வந்ததா, மகளுக்கு வந்ததா என்று அவர் அதிகம் விளக்கவில்லை.

வருஷக் கடைசியில் தமிழ்ப் பரீட்சை வந்தது. அதற்கு முதல்நாள் மஸூதா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மச்சான், பாஸாகிடாதீங்க. நீங்க பாஸானா வகுப்பை மூடிருவாங்க. வகுப்பை மூடினா என் வேலை போயிரும். உங்களை நிரந்தரமாக்குறதுக்குள்ள அவங்க வேற எதையாச்சும் கேப்பாங்க."

இத்ரூஸ் யோசித்துப் பார்த்தான். சபை இத்தனை காலம் சொல்லிக்கொடுத்ததில் அவனுக்கு உண்மையாக விளங்கிய நிபந்தனை வாக்கியங்கள் அவைதான்.

தாய்மொழியில் பெயிலாவது லேசான காரியமில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் சரியாக வருகிற பேச்சை எப்படிப் பிழையாக எழுதுவது? மஸூதா பக்கத்தில் இருந்து பிழை சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் அவன் அத்தனையையும் சபையில் எழுதிவிட்டு வந்தான். உருத்திரமூர்த்தி விடைத்தாளைப் பார்த்துத் தலையை ஆட்டி, மனம் தளராதேயும், உருதுத் தாய்மொழிக்காரனுக்கு இவ்வளவு தமிழ் வந்ததே பெரிய காரியம், இருந்தாலும் உம்முடைய பேச்சில் அந்த வாடை இன்னும் போகவில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

பெயிலான செய்தி வந்த அன்று மஸூதா பெருநாளுக்குச் செய்வதுபோல வட்டிலப்பம் செய்திருந்தாள். இத்ரூஸ் இரண்டு துண்டு சாப்பிட்டான். மூன்றாவதைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"மஸூதா, உண்மையைச் சொல்லு. நான் பேசுறது தமிழ்தானே?"

"அதை அடுத்த வருஷம் சபை சொல்லும்" என்றாள் மஸூதா. "நீங்க சாப்பிடுங்க."